இணைப்பவரின் கையெழுத்து

தாணேயில் மும்பை நோக்கிப் போகும் ஸ்லோ லோக்கல் ஏறினால் ஏழாவது நிலையம் வித்யாவிஹார். ஃபாஸ்ட் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. சோமையா கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்குத்தான் அந்த நிலையம் நன்கு பழக்கம். அதன் மேற்குப் பக்கத்தை முகவரியாகக் கொண்டு வளர்ந்த ஃப்ராப்பே என்ற நிறுவனம் இஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளை உருவாக்கி வருகிறது. பல நாடுகளில் சிறு, நடுத்தரத் தொழில்கள் கணக்கு எழுதவும் சரக்கிருப்பைப் பார்க்கவும் அதைப் பயன்படுத்துகின்றன. ருஷப் மேத்தா தம் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு ஏற்ற மென்பொருள் அமையாமல் தாமே எழுதத் தொடங்கியதிலிருந்து பிறந்தது அது. 2008இல் வெளிவந்தது. ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுவதால் அதன் மூலநிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பி அனுப்பலாம்.

திருப்பி அனுப்புவது வரைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள். கல்லூரிக் கருத்தரங்குகளிலும் யூடியூப் பாடங்களிலும் ‘ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களியுங்கள்’ என்ற அறிவுரை ஓயாமல் கேட்கிறது. அனுப்பியது போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. அங்கே ஒருவர் உட்கார்ந்து, முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து, ஏற்பதா, திருத்தச் சொல்வதா, மறுப்பதா என்று முடிவு செய்கிறார். துறையில் அவரை மெயின்டெய்னர் என்பார்கள். இங்கே பராமரிப்பாளர் என்று கொள்வோம். இப்படி மூலநிரலைத் திறந்துவைக்கும் கட்டற்ற மென்பொருளின் உடல்நலம் இன்று இந்தப் பராமரிப்பாளர்களின் நேரத்தை நம்பித்தான் இருக்கிறது. இந்தியாவில் எழுதி அனுப்புபவர்களைப் பெருங்கூட்டமாக உருவாக்கிவிட்டோம். படித்துச் சரிபார்ப்பவர்களை உருவாக்கவில்லை. இதை வலியுறுத்தவே இந்தக் கட்டுரை.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வெளியாள் ஒருவர் கிட்ஹப் தளத்தில் மூலநிரலின் நகலைத் தம் பெயரில் எடுத்துக்கொள்கிறார். அதில் மாற்றம் செய்து, ‘இதை உங்கள் மூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு கோரிக்கை வைக்கிறார். அதுதான் புல் ரிக்வெஸ்ட். இஆர்பிநெக்ஸ்டில் அந்தக் கோரிக்கை மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே இயந்திரச் சோதனைகளுக்கு ஆளாகிறது. தலைப்பு பிழைதிருத்தமா, புதிய வசதியா என்று வகை சொல்லித் தொடங்க வேண்டும். புதிய வசதி என்றால் அதற்கான ஆவணப் பக்கத்தின் இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனை தோற்கும். பழைய வசதிகள் எதுவும் உடையவில்லை என்று காட்டும் தானியங்கிச் சோதனைகள் ஓடும்.

இவற்றுள் ஒரு விதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எழுதியவர் தம் நிரலின் நடுவில் தரவுத்தளத்துக்கு ‘இதுவரை செய்ததை நிரந்தரமாக்கு’ என்று கட்டளை கொடுத்திருந்தால் சோதனைக் கருவி அதைப் பிடித்துக்காட்டி எச்சரிக்கும். புதியவருக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். அவருடைய கணினியில் அந்தக் கட்டளை இல்லாமல் மாற்றம் பதிவாகாமல் போயிருக்கலாம், அதனால்தான் சேர்த்திருப்பார். ஆனால் இது கணக்கு மென்பொருள். ஓர் இன்வாய்ஸை உறுதி செய்யும்போது கிடங்கில் சரக்கு குறைய வேண்டும், வாடிக்கையாளர் பெயரில் பற்று ஏற வேண்டும், விற்பனையிலும் ஜிஎஸ்டியிலும் வரவு ஏற வேண்டும். இவை அனைத்தும் நடக்க வேண்டும், அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாது. நடுவழியில் ஒரு பாதியை நிரந்தரமாக்கிவிட்டு, அடுத்த வரியில் பிழை வந்து நிரல் நின்றால் சரக்கு குறைந்திருக்கும், கணக்கில் பதிவு இருக்காது. அந்தக் கடைக்காரர் இதை ஆண்டு முடிவில், தணிக்கையாளர் முன்னால்தான் கண்டுபிடிப்பார். இந்த நிரலை எழுதியவர் அப்போது எந்த நிறுவனத்தில் எந்த வேலையில் இருப்பாரோ, யாருக்குத் தெரியும்?

இயந்திரம் சொல்ல முடியாத கேள்விகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. எடுத்துக்காட்டாக, பிவண்டியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவருக்காக ஒரு நிரலர் புதிய வசதி எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக எழுதியிருக்கிறார், சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. அந்த வசதி பிரேசிலில் மருந்துக்கடை நடத்துபவருக்கும் வேண்டுமா? இன்று சேர்த்துவிட்டால் அடுத்த பதிப்பில், அதற்கடுத்த பதிப்பில், சட்டம் மாறும்போது, தரவுத்தளம் மாறும்போது யார் இதைத் திருத்துவது? எழுதியவர் இருப்பார் என்ற உறுதி இல்லை. சேர்த்தவர்தான் திருத்த வேண்டும். கட்டற்ற மென்பொருளில் இலவசமாக வந்த நிரல், சேர்த்த நாளிலிருந்து செலவு வைக்கத் தொடங்குகிறது. இணைப்பவர் அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

இந்தச் செலவு கற்பனை அல்ல என்பதற்கு இஆர்பிநெக்ஸ்டே சான்று. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பிறகு இந்திய வரிவிதிகளுக்கான நிரல் அதன் மையத்திலேயே குவிந்தது. அத்துடன் மருத்துவமனை, கல்வி நிலையம், வேளாண்மை, விருந்தோம்பல் என்று பல துறைகளுக்கான பகுதிகளும் சேர்ந்திருந்தன. 2022இல் வந்த 14ஆம் பதிப்பில் இவற்றை மையத்திலிருந்து பிரித்துத் தனித்தனிச் செயலிகளாக்கினார்கள். ஊழியர், சம்பளப் பகுதியும் தனியே போனது. இந்திய வரிவிதிகளுக்கான பகுதியை ரெசிலியன்ட் டெக் என்ற வேறொரு நிறுவனம் தனிச் செயலியாக எடுத்து நடத்துகிறது. இந்திய வரிச் சட்டத்தை அன்றாடம் பின்தொடர்பவர்கள் கையில் அந்த நிரலைச் சரிபார்க்கும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. ஒரு நிரலை ஏற்பவர் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற எளிய விதியை ஒரு நிறுவனம் தன் மென்பொருளின் வடிவத்தையே மாற்றி நிறைவேற்றியது. என் மதிப்பீட்டில் மும்பையின் மென்பொருள் வரலாற்றில் இது குறித்துவைக்க வேண்டிய முடிவு.

இந்தச் சிக்கலை உலகில் முதலில் பெரிய அளவில் சந்தித்தது லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட அந்த இயங்குதளக் கருவுக்கு மாற்றங்கள் மின்னஞ்சலில் வந்தன. அவரே படித்து அவரே சேர்த்தார். 1990களின் இறுதிக்குள் அஞ்சல்கள் குவிந்து, பல மாற்றங்கள் பதிலே இல்லாமல் காணாமல் போயின. ஒரே மனிதரால் இது தாங்காது என்று கூட இருந்தவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். விடையாக வந்தது அடுக்குமுறை: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர், அவர்கள் வடித்துக் கொடுத்ததை டோர்வால்ட்ஸ் சேர்ப்பார். மேலேயிருக்கும் ஒருவர் ஒவ்வொரு வரியையும் படிப்பதில்லை, படித்த ஒவ்வொருவரையும் நம்புகிறார். 2005 ஏப்ரலில் அவர் எழுதிய கிட் என்ற கருவி இந்த நம்பிக்கைச் சங்கிலிக்காகவே அமைந்தது. கிட்டின் பராமரிப்பையும் அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். 2008இல் கிட்ஹப் வந்து, புல் ரிக்வெஸ்ட் என்ற பொத்தான் மூலம் இந்தக் கதவை உலகம் முழுவதற்கும் திறந்தது.

லினக்ஸில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதியவர் பெயர் மட்டும் இருப்பதில்லை. இந்த நிரலைக் கொடுக்கத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதியளிக்கும் கையெழுத்து இருக்கும். எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த பதிப்புரிமை வழக்குகளுக்குப் பிறகு 2004இல் வந்த ஏற்பாடு அது. கைமாற்றிய ஒவ்வொரு பராமரிப்பாளரும் அதன் கீழே கையெழுத்திடுவார். படித்துச் சரிபார்த்தவர் பெயரும், தம் இயந்திரத்தில் ஓட்டிச் சோதித்தவர் பெயரும் தனித்தனி வரிகளில் பதியும். யார் எழுதினார் என்பதற்கு நிகராக யார் படித்தார் என்பதும் வரலாற்றில் நிற்கிறது. நம் நாட்டு மென்பொருள் குழுக்கள் லினக்ஸிடமிருந்து கற்க வேண்டிய முதல் பாடமாக நான் இதைத்தான் சொல்வேன்.

படிப்பவர் இல்லாவிட்டால், அல்லது படிப்பவர் களைத்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு நிகழ்வுகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் குற்றம் எங்கே இருக்கிறது என்று பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது நம் கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் நிரல்களில் முதன்மையானது ஓப்பன்எஸ்எஸ்எல். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் அதற்கு ஒரு புதிய வசதியை எழுதி அனுப்பினார். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இரு முனைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் வசதி. ஒரு முனை சிறு செய்தியை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுமுனை அதையே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நீளமும் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் வரியை எழுதியவர் விட்டுவிட்டார். படித்தவரும் அதைக் கவனிக்கவில்லை. 2011 டிசம்பர் 31 இரவு அது மூலத்தில் சேர்ந்தது. 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பில் உலகெங்கும் பரவியது. பொய்யான நீளத்தைச் சொல்லிக் கேட்டால் சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொற்கள் இருக்கலாம், மறையாக்கச் சாவியே இருக்கலாம். 2014 ஏப்ரலில் வெளிப்பட்டபோது இதற்கு ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த மாணவரைப் பலர் திட்டினார்கள். விட்டுப்போன ஒரு சரிபார்ப்பு எந்த நிரலருக்கும் நேரக்கூடியது. அதற்காகத்தான் இரண்டாவது கண் வேண்டும் என்கிறோம். அந்த இரண்டாவது கண்ணின் நிலை என்ன? உலக வணிகமே சாய்ந்து நின்ற அந்த மென்பொருளுக்கு அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர் என்று அதன் அறக்கட்டளையை நடத்தியவரே எழுதினார். ஆண்டின் கடைசி இரவில் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் நடந்தது. கோடிகளில் லாபம் பார்த்த நிறுவனங்கள் அவர் அருகில் இன்னொருவரை உட்காரவைக்க எதுவும் செய்யவில்லை.

இரண்டாவது நிகழ்வு இதைவிடக் கொடியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவியை லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர் தனியாகப் பராமரித்துவந்தார். 2021 இறுதியிலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்ல, பயனுள்ள மாற்றங்களை அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்கள் முளைத்தன. ‘ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள்’ என்று அவை காலினை நெருக்கின. அப்படி நெருக்கியவற்றுள் ஒரு பெயர் ஜிகர் குமார். இந்தியப் பெயர் போட்டுக்கொண்டு வந்த அந்த ஆள் உண்மையில் இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒரே கும்பலின் முகமூடிகள் இவை என்பதே ஆய்ந்தவர்களின் முடிவு. தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் காலின் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் நெருக்கடி நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஜியா டானுக்கே இணைக்கும் உரிமை கிடைத்தது.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் ஒரு கள்ளக்கதவை வைத்தார். சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் யாரும் திறந்து படிக்க முடியாத வடிவில் அதை ஒளித்தார். அதை எழுப்பும் வரி, எல்லோரும் பார்க்கும் மூலத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டில் பணிபுரியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர் ஆன்ட்ரெஸ் ஃபிராயண்ட், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, விடாமல் துருவி, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருவதற்கு முன் அது தடுக்கப்பட்டது. ஜியா டான் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

இங்கே தாக்கப்பட்டது நிரல் மட்டுமல்ல. ஒரு தனி மனிதரின் சோர்வுதான் நுழைவாயிலாக இருந்தது. ‘ஏன் இன்னும் சேர்க்கவில்லை’ என்று ஒரு பராமரிப்பாளரிடம் கேட்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். அவசரப்படுத்துவது அவரைத் தாக்க வருபவனின் கருவி. நல்லெண்ணத்தோடு நாமும் அதே கருவியைக் கையில் எடுக்கிறோம்.

இனி நம் பக்கம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வை நடத்திவருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசாகக் கிடைத்தது. 2020 அக்டோபர் முதல் நாளே உலகின் பெரிய திட்டங்களில் குப்பை வெள்ளமாகப் புகுந்தது. ஆவணத்தின் தலைப்பில் ‘அற்புதமான’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஓர் இடைவெளியை நீக்குவது, இப்படி. இந்தியாவில் பெருங்கூட்டம் பார்க்கும் ஒரு யூடியூப் பாடம் இதைச் செய்துகாட்டியதும், பார்த்தவர்கள் அப்படியே செய்ததும் பெருங்காரணம். அக்டோபர் 3 அன்றே விதி மாறியது. தாமாக முன்வந்து பெயர் கொடுக்கும் திட்டங்களில் அனுப்பினால் மட்டுமே கணக்கு என்றார்கள். 2023இல் டி-ஷர்ட்டே நிறுத்தப்பட்டது. ஆனாலும் 2024இல் மீண்டும் நடந்தது: எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற நிரல்தொகுதியின் முகப்புக் கோப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரி நூற்றுக்கணக்கான மாணவர்கள் அனுப்பினார்கள். அதுவும் ஓர் இந்திய யூடியூப் பாடத்தில் பயிற்சிக்காகக் காட்டப்பட்டது.

அந்த மாணவர்களைப் பழித்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாட்டுங்காவில் விஜேடிஐ, செம்பூரில் விவேகானந்தக் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி என்று மும்பையில் நல்ல கல்லூரிகள் உண்டு. அவற்றுக்கு வெளியே, பெயர் சொன்னால் கம்பெனிக்காரர் அடையாளம் காணாத எத்தனையோ கல்லூரிகளும் உண்டு. தாராவியிலிருந்து அப்படி ஒரு கல்லூரிக்குப் போகும் தமிழ்ப் பையனுக்கு, முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கும் பெண்ணுக்கு, பங்களித்த நாட்களைக் காட்டி கிட்ஹப் கணக்கில் தெரியும் பச்சைக் கட்டங்கள் ஒரு வாசல். சொந்தக்காரர் யாரும் துறையில் இல்லாதவருக்கு வேறு வாசல் இல்லை. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் அதில் சேரும் மாணவர்களில் இந்தியர்களே அதிகம். அதன் முதல் பத்தாண்டுகளில் இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக இருந்தது. ஆசை நியாயமானது, திறமையும் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களும், எண்ணிக்கையை மட்டும் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கும் கம்பெனிகளும்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து எழுதுவதற்கும் படிப்பதற்கும் இடையிலான சமநிலையை மேலும் குலைத்துவிட்டது. ஒரு மாற்றத்தை எழுத முன்பு ஒரு வாரம் ஆன இடத்தில் இப்போது சில நிமிடம் போதும். படிக்க ஆகும் நேரம் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது, ஏனென்றால் எழுதி அனுப்பியவரிடம் விளக்கம் கேட்டால் அவருக்கே தெரிவதில்லை. உலகின் பெரும்பாலான கருவிகளுக்குள் இருக்கும் கர்ல் என்ற மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதித்தரும் போலிப் பாதுகாப்புப் புகார்கள் தம் சிறு குழுவின் நேரத்தைத் தின்பதாக மீண்டும் மீண்டும் எழுதினார். 2026இன் தொடக்கத்தில், பிழை கண்டுபிடிப்போருக்குப் பணம் தரும் திட்டத்தையே மூடினார்.

வெளியார் பக்கத்து நியாயமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஒருதலையாகிவிடும். ஜார்ஜியோஸ் கூசியோஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மறுக்கப்படும் புல் ரிக்வெஸ்ட்களில் தொழில்நுட்பக் குறையால் மறுக்கப்படுபவை சிறு பகுதியே என்று காட்டியது. ஒரே வேலையை இருவர் செய்திருப்பார்கள், திட்டம் வேறு திசையில் போயிருக்கும், அனுப்பியவர் பதில் சொல்லாமல் விட்டிருப்பார். இப்படித்தான் பெரும்பாலானவை மடிகின்றன. நிரல் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டவர் தம் திறமையைச் சந்தேகித்து ஒதுங்கிவிடுகிறார். மறுப்புக்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டால் அவர் தங்குவார்.

தில்லி ஐஐஐடியில் ஆய்வு செய்த ஆயுஷி ரஸ்தோகி, கூசியோஸ் உள்ளிட்டோருடன் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 17 நாடுகளைச் சேர்ந்தவர்களின் 70,000க்கு மேற்பட்ட புல் ரிக்வெஸ்ட்களை எடுத்துப் பார்த்தார்கள். அனுப்புபவரும் முடிவெடுப்பவரும் ஒரே நாட்டவராக இருந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு 19 விழுக்காடு கூடியது. பாலினம் பற்றி 2017இல் வந்த வேறோர் ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பெண்களின் நிரல் ஆண்களுடையதைவிட அதிகம் ஏற்கப்பட்டது. ஆனால் திட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பெண், பெண் என்று அடையாளம் தெரியும்போது அந்த விகிதம் சரிந்தது. ஒரே நாட்டவர் என்பதால் கூடும் வாய்ப்பு வெறும் பாகுபாடு என்று நான் முடிவு கட்டமாட்டேன். மொழி புரிவது, விழித்திருக்கும் நேரம் ஒத்துப்போவது ஆகியவையும் உதவலாம். எப்படியிருந்தாலும் முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அனுப்புபவரின் தலையெழுத்தைப் பாதிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது அந்த நாற்காலிகளில் நம்மவர்கள்.

தமிழுக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் நிரல்தொகுதி ஏன் தேவைப்பட்டது என்று பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். தமிழ் அறியாத ஒரு பராமரிப்பாளரிடம், சொல்லைத் திருப்பிப்போடும் நிரல் ஒன்று வந்தால், ஆங்கிலச் சொற்களில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியென்று சேர்த்துவிடுவார். புள்ளியும் கொக்கியும் இடம் மாறி எழுத்து சிதைவது அவர் கண்ணுக்குப் படாது. எழுத்துருவில், தேடலில், அகரவரிசையில் தமிழ் சிதையும் இடங்களில் பல, தமிழ் தெரிந்த ஒருவர் படித்திருந்தால் தடுத்திருக்கக்கூடியவை.

தொடக்கத்தில் சொன்ன அதே ஸ்லோ லோக்கலில் தாணேயிலிருந்து நான்காவது நிலையம் காஞ்சூர்மார்க். அங்கிறங்கினால் பவாய் ஐஐடி. அதன் வானூர்திப் பொறியியல் துறைப் பேராசிரியர் பிரபு ராமச்சந்திரன் எழுதிய மயாவி, அறிவியல் தரவுகளை முப்பரிமாணப் படமாகக் காட்டும் மென்பொருள். பிரான்ஸைச் சேர்ந்த கயேல் வரோக்கோ அதற்கு வெளியிலிருந்து வந்து பங்களித்தார். 2011இல் மயாவி பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது இருவரும் சேர்ந்து எழுதியவர்கள். சைகிட்-லேர்ன் என்ற, உலகமே பயன்படுத்தும் இயந்திரக் கற்றல் நிரல்தொகுதியை வளர்த்தவர்களிலும் வரோக்கோ ஒருவர். இந்தியர் ஒருவர் இணைப்பவர் இருக்கையில் இருந்து, வெளிநாட்டவர் ஒருவரைத் தம் அருகில் உட்காரவைத்த கதை இது. இப்படிப்பட்ட கதைகள் நம்மிடம் குறைவு.

அதே ஐஐடியில் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் மென்பொருள் கற்பிக்கும் ஒலி-ஒளிப் பாடங்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் தருகிறது. பாடத்தின் எழுத்துவடிவத்தைத் துறை அறிந்தவர் படித்துச் சரிபார்ப்பதோடு விடுவதில்லை. அந்தத் துறையே தெரியாத புதியவர் ஒருவரும் அதைப் பின்பற்றிச் செய்துபார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பாடம் திருத்தப்படும். சரிபார்ப்பது மூத்தவர்களுக்கு மட்டும் உரிய வேலை என்ற நம் எண்ணத்தை இந்த ஏற்பாடு உடைக்கிறது. புதியவர் கண்ணுக்குத்தான் சில குறைகள் தெரியும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். செரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்ற நிதியை அறிவித்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரை உலகின் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பிரித்துத் தருவது அதன் நோக்கம். இந்திய நிறுவனம் ஒன்று இப்படி முன்வந்தது பெருமைக்குரியது. மற்ற நிறுவனங்களும் வரவேண்டும். வரும்போது புதிய வசதிகளுக்கு மட்டும் பணம் கொடுக்காமல், வந்த நிரலைப் படிக்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டில், பிறர் நிரலைப் படித்துத் திருத்திய மணிநேரம் ஒரு தனி வரியாக இடம்பெற வேண்டும். கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மதிப்பெண் போடும்போது, மாணவர் எத்தனை அனுப்பினார் என்று எண்ணாமல், பிறருடையதில் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் அதற்கு எதுவும் எழுதி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வந்து காத்துக்கிடக்கும் புல் ரிக்வெஸ்ட் ஒன்றை எடுத்து, உங்கள் கணினியில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். சொன்னபடி வேலை செய்கிறதா, எந்த இடத்தில் உடைகிறது, தமிழில் உள்ளிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்து, கண்டதை எளிய ஆங்கிலத்தில் அதன் கீழே எழுதுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, எந்தக் கல்லூரியின் பெயரும் தேவையில்லை. அடுத்த மாதம் உங்கள் முதல் மாற்றத்தை அனுப்பும்போது, அதைப் படிக்கப்போகிறவருக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.